பெட்டகம் வாசல் தாண்டும்முன்

அன்புள்ள தம்பி மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. வளவு அறைப் பெட்டகத்தில் கிடக்கும் பர்மா காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் பல்கலைக்கழகக் காப்பகம் இரவலாகக் கேட்பதாக எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடுக்கலாம். நிபந்தனைகள் எழுத்தில் வரும்வரை பெட்டகம் வாசல் தாண்ட வேண்டாம்.

பழைய வட்டிக்கணக்கில் ஆராய என்ன இருக்கிறது என்று உன் அப்பா சிரித்தாராம். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசமிருந்த விளைநிலம் சுமார் 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25-ஐத் தொட்டது. நெல் விலை சரிந்தது, விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. அரசு அறிக்கைகள் இந்த மொத்தக் கணக்கைச் சொல்லும். எந்த ஊர் விவசாயி எந்த மாதம் என்ன வட்டிக்கு வாங்கினார், வட்டிக்கடை மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் சம்பளம் எவ்வளவு என்பதற்குப் பேரேட்டைத்தான் புரட்ட வேண்டும். குடும்பத்துக்குப் பெருமை சேர்க்காத பக்கங்களும் அதில் இருக்கும். அவற்றைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது பொய்க்கணக்கு எழுதுவதற்குச் சமம். உயிரோடிருப்பவர்களின் மனத்தைப் புண்படுத்தும் கடிதங்களை மட்டும் இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

படியெடுக்கக் கொடுத்ததால் பிழைத்த ஏடுகள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். அவர் 1761-இல் மறைந்தபின் அது வாரிசுகளின் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தது. 1846-இல் கலுவா மோம்பிரோன் அதைக் கண்டு படியெடுத்தார். ஏரியல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தில் இருக்கிறது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

நம் கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் காலமானபின் அவர் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனாலும் நூல்கள் கப்பலேறவில்லை. சென்னையிலேயே நூலகம் அமைந்தது; நுண்படம் எடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டத்திலும் மூலம் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்பதே விதி.

காப்பகத்துக்குப் போய்விட்டால் கவலை தீர்ந்தது என்பதும் இல்லை. ராமானுஜனின் கடைசிக்காலத் தாள்கள் கணிதர் வாட்சனிடம் இருந்தன. 1965-இல் வாட்சன் இறந்தபின், எரிக்க இருந்த குப்பையிலிருந்து தப்பி, 1968-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகம் சேர்ந்தன. அவை என்னவென்று 1976-இல் கணிதர் ஆண்ட்ரூஸ் பார்க்கும்வரை அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன. ஆகவே முதல் வேலை பட்டியல். ஒவ்வொரு கட்டுக்கும் எண், பக்கக் கணக்கு, கைபேசியில் ஒரு படம். கட்டிய கட்டைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்காதே. எது எதோடு இருந்தது என்பதும் ஒரு சேதிதான். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் ஆகாது.

இரவலா கொடையா, திருப்பித்தரும் நாள் எது, சேதமானால் யார் பொறுப்பு, மின்படி குடும்பத்துக்குக் கிடைக்குமா, இணையத்தில் ஏற்றலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஐயாவுக்கு வந்த கடிதத்தில் தாள்தான் நம்முடையது. வெளியிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. காப்பகத்தாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடு.

பெட்டகம் வளவிலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது எல்லாக் குடும்பங்களுக்கும், பொது. பங்காளிகள் ஒருவர் விடாமல் கையெழுத்திடட்டும். வரைவை அனுப்பு, பெரியப்பாவும் பார்த்துப் போடுகிறேன்.