கால்வாய்ப் படகுக்கு ரயிலும் பஸ்ஸும்: திருவான்மியூரிலிருந்து ஒரு பயணப் பாடம்

"ஞாயித்துக்கிழமை பசங்கள போட்டிங் கூட்டிட்டுப் போகணும். ஆனா கார் இல்ல. வாடகைக்கு வண்டி வச்சா, போட் டிக்கெட்ட விட வண்டி வாடகைதான் ஜாஸ்தி." தென் சென்னையில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பேச்சு அதோடு நின்றுவிடும், பயணமும் நின்றுவிடும்.

உண்மையில் இந்தப் பயணத்துக்குச் சொந்த வண்டி வேண்டியதில்லை. பறக்கும் ரயிலும் மாநகரப் பேருந்தும் போதும். வேண்டியது கொஞ்சம் முன்யோசனை. போகும் வழியை எல்லோரும் விசாரிக்கிறார்கள். திரும்பும் வழியை விசாரிப்பவர்கள் குறைவு. சிரமம் வருவது அங்கேதான். திருவான்மியூரை மையமாக வைத்து, படகுத்துறைக்குப் போய்த் திரும்பும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கால்வாயைத் தெரிந்துகொள்வோம்

திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரும் பறக்கும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே பாருங்கள். தூண்களுக்குப் பக்கத்தில், சில இடங்களில் தூண்களுக்கு இடையிலேயே, ஒரு நீர்வழி கூடவே வரும். பலர் அதைச் சாக்கடை என்றே நினைக்கிறார்கள். அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய் இது. பிறகு வடக்கே ஆந்திரக் கரை வரை நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. பட்டினியில் வந்த மக்களின் உழைப்பு அது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. தெற்கே மரக்காணம் பக்கம் வரை செல்லும் இந்தக் கால்வாயின் தமிழ்நாட்டுப் பகுதி மட்டும் 163 கி.மீ.

உப்பு, விறகு, அரிசி, காய்கறி எல்லாம் ஒரு காலத்தில் இதில் படகில்தான் சென்னைக்கு வந்தன. பயணிகளும் போனார்கள். 1934-ல் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போன அனுபவம்தான் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள், தூர்ந்துபோன மண், லாரிப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து படகுகளை நிறுத்திவிட்டன. பின்னர் கால்வாயின் தடத்தை ஒட்டியே பறக்கும் ரயில் வந்தது. 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று ஒவ்வொன்றாக நீண்டது. 2008-ல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-ன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஆக, இன்று திருவான்மியூரில் கால்வாய் இருக்கிறது. ஏறிப் போகப் படகு இல்லை. அதே கால்வாய் தெற்கே முட்டுக்காட்டில் அகன்ற உப்பங்கழியோடு சேர்கிறது. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் 1984 முதல் இயங்கி வருகிறது. நம் பயணம் அங்கேதான்.

பாடம் 1: கணக்கைத் திரும்பும் பஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பயணத்தில் ரயில், பஸ், படகு என்று மூன்று இருக்கின்றன. ரயில் இரவு வரை கிடைக்கும். படகு மாலையோடு சரி. நடுவில் இருக்கும் பஸ்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நகரத்துக்குத் திரும்பும் வண்டிகள். பஸ் தாமதமாகும், வந்தாலும் கூட்டமாக இருக்கும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மயிலாப்பூரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதிரிக் கணக்கு இது:

இரவு 7.30-க்கு வீட்டில் இருக்க வேண்டும்.
அதற்கு 6.30-க்குத் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும்.
நெரிசலுக்கு ஒரு மணி நேரம் விட்டால், 5.30-க்கு முட்டுக்காட்டில் பஸ் ஏற வேண்டும்.
பஸ்ஸுக்குக் காத்திருக்க அரை மணி நேரம். அப்படியானால் 5 மணிக்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும்.
டிக்கெட் வரிசைக்கு ஒரு மணி, படகுக்கு அரை மணி. ஆக 3.30-க்கு டிக்கெட் கவுன்டரில் இருக்க வேண்டும்.
போகும் வழிக்கு இரண்டரை மணி நேரம். மதியம் 1 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

"சாப்பிட்டுட்டு ஒரு மூணு மணிக்குக் கிளம்பலாமே" என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லிவிடும். உங்கள் வீட்டுக்கு ஏற்ப நேரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். போடும் முறையை மட்டும் மாற்ற வேண்டாம். காலையிலேயே போய் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பினால் வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு.

பாடம் 2: திருவான்மியூர் வந்து சேர்வது

மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர் பக்கம் இருப்பவர்களுக்குப் பறக்கும் ரயிலே எளிது. வேளச்சேரி, பெருங்குடிக்காரர்கள் கடற்கரை நோக்கிச் செல்லும் ரயிலில் ஏற வேண்டும். அடையாறிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாம். தி. நகர்க்காரர்களுக்கு மாமல்லபுரம் செல்லும் 599 போன்ற நேரடிப் பேருந்துகள் உண்டு. ரயில் மாற வேண்டிய வேலையே இல்லை.

வெளியூரிலிருந்து சென்ட்ரலில் இறங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரே இருக்கும் 'சென்னைப் பூங்கா' நிலையம் தாம்பரம் ரயிலுக்கு உரியது. பறக்கும் ரயிலுக்குப் 'பூங்கா நகர்' நிலையம். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் மாறிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் திருவான்மியூரிலேயே இருக்கிறது. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ரயில் நிலையம் ராஜீவ் காந்தி சாலையில், டைடல் பார்க் அருகே. பஸ் நிலையம் கிழக்கே, மருந்தீஸ்வரர் கோயில் பக்கம். நடுவே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெயிலில் நடப்பது சிரமம். பஸ் அல்லது ஷேர் ஆட்டோவுக்கு 20 நிமிடம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடம் 3: பஸ்ஸில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கோவளம், மாமல்லபுரம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் மாநகரப் பேருந்துகள் முட்டுக்காடு வழியாகப் போகின்றன. புதுச்சேரி செல்லும் வண்டிகளும் இதே சாலைதான். ஆனால் எல்லா வண்டியும் எல்லா நிறுத்தத்திலும் நிற்காது. ஏறும் முன் கேட்டுவிடுங்கள்:

"அண்ணே, முட்டுக்காடு போட் ஹவுஸ் நிக்குமா?"
"நிக்கும்மா, ஏறு."
"திரும்பி வர கடைசியா எத்தன மணிக்குண்ணே வண்டி?"

முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதுதான் முக்கியம். கண்டக்டர் சொல்லும் கடைசி வண்டியை நம்பி நிற்காமல், அதற்கு முந்தைய வண்டியை உங்கள் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி தவறினால் ஆட்டோக்காரர் கேட்பதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இறங்கியதும் திரும்பும் நிறுத்தம் எதிர்ப்பக்கம் எங்கே இருக்கிறது என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள். போகும்போதோ வரும்போதோ ஒருமுறை இந்தச் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். வண்டிகள் வேகமாக வரும் சாலை இது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சாலை கடக்கும் இடத்தில் மட்டும் கடக்கவும்.

பாடம் 4: படகுத்துறையில்

டிக்கெட் வாங்கும்போதே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை நேரம் ஆகும் என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் வரவில்லையென்றால் நீண்ட சவாரிக்குப் பதில் குறுகிய சவாரி எடுங்கள். உயிர்காப்பு மேலாடையைப் பெரியவர்களும் போட வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். படம் எடுக்க எழுந்து நிற்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் பலத்த காற்றிலும் படகுகள் நிறுத்தப்படலாம் என்பதால், அந்த நாட்களில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மழையால் படகு இல்லாமல் போனாலும் பயணம் வீணாக வேண்டாம். தென்னிந்திய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் தட்சிணசித்ரா முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை.

பாடம் 5: கட்டணமும் சலுகையும்

பெண்கள்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் விடியல் பயணத் திட்டத்தின் கீழ் கட்டணமில்லை. சொகுசு, ஏ.சி. பேருந்துகளுக்கு இது பொருந்தாது. பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

மூத்த குடிமக்கள்: 60 வயது நிறைந்த சென்னைவாசிகளுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் வழங்குகிறது. வீட்டுத் தாத்தா பாட்டியிடம் டோக்கன் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

குழந்தைகள்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாநகரப் பேருந்திலும் புறநகர் ரயிலிலும் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வரை அரை டிக்கெட்.

செயலிகள்: 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். போனில் சார்ஜ் குறைந்துவிடும் என்பதால் கையில் சில்லறையும் வைத்திருங்கள்.

பாடம் 6: கொஞ்சம் தூரமாக

பின்னாலிருந்து கணக்குப் போடும் முறை கைவந்துவிட்டால் வெளியூர்ப் படகுத்துறையும் எளிதுதான்.

பிச்சாவரம்: எழும்பூர் அல்லது தாம்பரத்தில் சோழன் விரைவு ரயில் ஏறி சிதம்பரம். அங்கிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ. நகரப் பேருந்து. 2022-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சுரபுன்னைக் காட்டுக்குள், சந்துபோல் குறுகிய நீர்வழிகளில் துடுப்புப் படகு போகும். ஒரே நாளில் போய்த் திரும்ப முயன்றால் ஓட்டமாகிவிடும். சிதம்பரத்தில் ஓர் இரவு தங்கினால் காலையில் நிதானமாகப் படகு ஏறலாம்.

ஆலப்புழா: சென்ட்ரலிலிருந்து நேரடி விரைவு ரயில் உண்டு. ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் படகுத்துறைக்குப் போக வேண்டும். அரசுப் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் அங்கே பஸ்போலவே துறைக்குத் துறை நின்று போகும். சுற்றுலாப் படகு வாடகையோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. கோட்டயம் படகு அன்று ஓடுகிறதா என்று கேட்டு ஏறினால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமலே கோட்டயத்தில் இறங்கி அங்கிருந்து சென்னை ரயிலைப் பிடித்துவிடலாம். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் போகிறவர்களும் இப்படித்தான் ஒரு வழி படகு, மறு வழி ரயில் என்று திட்டமிடுகிறார்கள்.

கொச்சி: 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவுக்கு வைற்றிலாவில் பஸ், மெட்ரோ ரயில், படகு மூன்றும் ஒரே வளாகத்தில். ஒரே அட்டையில் ரயிலும் படகும் ஏறலாம். நீர்வழியையும் சாலையையும் ரயிலையும் ஒன்றாக யோசித்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பார்க்கக்கூடிய பாடம் அது.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

திரும்பும் வண்டியின் நேரம் எழுதியாச்சா?
அதற்கு முந்தைய வண்டியின் நேரம் தெரியுமா?
ரயில் நிலையம்–பஸ் நிலையம் இடைவெளிக்கு 20 நிமிடம் சேர்த்தாச்சா?
தண்ணீர், தொப்பி, மாற்றுடை, சில்லறை?
ரயில் உதவிக்கு 139, அரசுப் பேருந்துக்கு 149, அவசரத்துக்கு 112 ஆகிய எண்கள் போனில் இருக்கிறதா?

நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, விளக்கு எரியவில்லை, பஸ் நிற்காமல் போனது என்றால் வீட்டுக்கு வந்து புலம்புவதோடு விடாதீர்கள். தடம் எண், இடம், நேரம் மூன்றையும் குறித்து 149-லோ, முதல்வரின் உதவி மைய எண் 1100-லோ பதிவு செய்யுங்கள். "அங்கே யார் பஸ்ல போறாங்க?" என்ற கேள்விக்கு, பஸ்ஸில் போனவர்கள் கொடுக்கும் விவரம்தான் பதில். நீங்கள் பதியும் ஒரு புகார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளையோடு அதே நிறுத்தத்தில் நிற்கப்போகும் இன்னொரு பாட்டிக்கு உதவும்.