ஒட்டுக்கட்டை மாட்டினால் குறி தப்பாதா?

ஹைதராபாத்தில் பழைய வின்செஸ்டரோ மார்லினோ உரிமத்தோடு வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. ரைஃபிள் குறி தப்புகிறதா, குற்றம் தாத்தா காலத்து வால்நட் கட்டையில்தான். வெயிலிலும் மழையிலும் அது முறுக்கிக்கொண்டது. ஒட்டுக்கட்டை, அதாவது மர ஏடுகளை அடுக்கி ஒட்டிய லேமினேட் கட்டை, தேடிப்பிடித்து மாட்டினால் குறி திரும்பிவிடும். லிவர் ஆக்‌ஷன் வகையைச் சேர்ந்த, அடியிலுள்ள நெம்புகோலால் தோட்டா ஏற்றும் இந்த ரைஃபிள்களைப் பொறுத்தவரை இது தவறு. எப்படிக் கட்டப்பட்டது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்தவர் இதைச் சொல்ல மாட்டார்.

லேமினேட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள். 1930-களின் பிற்பாதியில் ஜெர்மானியர் மவுசர் 98கே ரைஃபிளுக்குப் பீச் மர ஏடுகளை ஒட்டிக் கட்டை செய்யத் தொடங்கினார்கள். அந்த வகை ரைஃபிளில் தோளிலிருந்து குழலின் அடிவரை ஒரே கட்டை ஓடுகிறது. அது முறுக்கினால் குழலை ஒரு பக்கம் நெருக்கும், குண்டு விழும் இடம் மாறும். அங்கே ஒட்டுக்கட்டைக்கு நியாயம் உண்டு. லிவர் ஆக்‌ஷனில் கட்டை இரண்டு துண்டு. நடுவே இரும்புப் பெட்டி. அதன் பின்னால் நீளும் இரண்டு இரும்பு நாக்குகளுக்கு இடையே பின்கட்டை செருகி, ஒரு திருகால் இறுக்கப்படுகிறது. பின்கட்டை குழலை எங்கேயும் தொடுவதில்லை. தொடாத மரம் எப்படிக் குழலை வளைக்கும்? முன்கட்டை தொடுகிறதே என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஈரத்தில் அது ஊதினால், அதைக் குழலோடு பிடித்திருக்கும் பட்டையும் குழலும் நெருக்கப்படும். அதற்கு மருந்து, உரசும் இடத்தில் மரத்தை மயிரிழை அளவு சீவி, வெட்டுமுனைகளுக்கு எண்ணெய்ப் பூச்சு கொடுப்பது. குறி தப்பினால் முதலில் பார்க்க வேண்டியவை தளர்ந்த திருகு, ஆடும் குறிமுள், தேய்ந்த குழல்முனை, பழைய தோட்டா. மரம் கடைசியில்.

ஒட்டுமரம் சுருங்காது, விரியாது என்பது இதன் உடன்பிறப்பு. பச்சை மரம் முழுதாகக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் கருவால்நட் ஏறத்தாழ 7.8 சதவீதம் சுருங்குகிறது. அமெரிக்க லேமினேட் கட்டைகளில் பரவலாகப் புழங்கும் பிர்ச் இனத்தில் மஞ்சள் பிர்ச் 9.5 சதவீதம். பதப்பட்ட கட்டையில் அசைவு இதில் சிறு பங்குதான், ஆனால் வரிசை மாறாது. ஒட்டுவதால் கிடைக்கும் லாபம் வேறு: ஏடுகளின் கோணல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் முறுக்கு குறையும். பிசினும் பிர்ச்சும் சேர்ந்து எடையையும் கூட்டிவிடும்.

அதைவிட மோசம், கடைப் பிளைவுட்டை அடுக்கி ஒட்டிச் செதுக்கினால் அதுவும் லேமினேட்தானே என்ற யோசனை. துப்பாக்கிக் கட்டைக்கான லேமினேட்டில் ஏடுகளின் நார் பெரும்பாலும் ஒரே திசையில், நீளவாக்கில் ஓடும். பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே கிடக்கும். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் ஏறக்குறைய பாதி ஏடு குறுக்கே கிடந்தால் உதைப்பு அங்கேதான் முறிக்கும். ஒழுங்கான மூலப்பலகை எங்கும் கிடைக்கிற சரக்கும் அல்ல. 2014-இல் வெர்மாண்டின் ரட்லண்ட் பிளைவுட் ஆலை எரிந்தபோது அமெரிக்கக் கட்டைத் தயாரிப்பாளர்களே திண்டாடினார்கள்.

மற்றவை சில்லறை. ஒரு மாடலுக்குச் செய்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது பொய். 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 94-க்கும் பிந்தையதற்கும் கட்டை அப்படியே மாறாது. வெறும் மரம்தானே, கூரியரில் வரவழைக்கலாம் என்பது ஆபத்து. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்க்கிறது. இறக்குமதிக்கு 10-ஆவது பிரிவு, பழுதுபார்க்கும் தொழிலுக்கு 5-ஆவது பிரிவு உரிமம் கேட்கின்றன. நகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இத்தனை தேடலும் எதற்கு? நல்ல வால்நட்டைக் கழற்றி எறிவதை முதலில் நிறுத்துங்கள். இரும்பு நாக்கின் பின்னால் விழும் விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் பொருத்தம் கெட்டதுதான்: பெட்டியின் தட்டையான பின்முகம் வாங்க வேண்டிய உதைப்பை நாக்கின் நுனி வாங்கி, ஆப்பு அடிப்பதுபோல் மரத்தைப் பிளக்கிறது. உரிமம் பெற்ற கன்ஸ்மித் எண்ணெய் ஊறிய இடத்தை அசிட்டோனும் சுண்ணப்பொடியும் வைத்து உறிஞ்சி எடுத்து, விரிசலில் எபாக்சி செலுத்தி, பின்முகத்தை மரத்தோடு முழுதாக அமரவைத்து, நாக்கின் நுனியில் நூலளவு இடைவெளி விட்டால் கட்டை இன்னும் பல காலம் உழைக்கும். உண்மையிலேயே உடைந்திருந்தால் காஷ்மீர் வால்நட் இருக்கிறது; ஸ்ரீநகர் ரைனாவாரியின் பந்தூக் கர் மொஹல்லாவில் தலைமுறைகளாக அந்த மரத்தில்தான் துப்பாக்கிக் கட்டை இழைக்கிறார்கள். புதியது மாட்டினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், ரைஃபிளோடு சேர்த்து வையுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் போட்ட பிறகு, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழல்முனை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மிச்ச எண்ணெய் மரத்துக்குள் இறங்காது.