படம் பேசும் பொதி

2006 இல் கதிரவெளியை விட்டு இடம்பெயர்ந்த நாம் படத்தின் வலிமையை அறிவோம். சிவப்புப் பலகையிலிருந்த மண்டையோடு, எழுத்தறியாதவரையும் மிதிவெடிக் காணிக்குள் போகாமல் தடுத்தது. அந்த வலிமையை நமது கச்சான் பொதிக்கும் பயன்படுத்துவோம். பெயரில்லாத பொதிக்கு வியாபாரி வைத்ததே விலை.

2013 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ‘கன்வா’ கைத்தொலைபேசியிலும் இயங்கும். செய்முறை இதோ:

1. பொதியின் முகப்பை அடிமட்டத்தால் அளந்து, அதே அளவில் புதிய பக்கம் திறவுங்கள்.

2. பெயர், நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, முகவரி ஆகியவற்றுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். படம் ஆளை அழைக்கும். திகதிதான் நம்பிக்கை தரும்.

3. ‘எலிமென்ட்ஸ்’ பகுதியில் கச்சானின் ஆங்கிலப் பெயரை எழுதித் தேடுங்கள். கிரீட அடையாளமுள்ள படங்களுக்குப் பணம் கேட்பார்கள்; அவற்றை விடுங்கள்.

4. மூலையைப் பிடித்து இழுங்கள்; படம் உருக்குலையாமல் பெரிதாகும்.

5. ஒரு படமும் இரண்டு நிறமும் போதும். வெளிறிய பின்னணியில் கறுப்பு எழுத்தே தெளிவு.

6. தொடர்பகத்தில் முதலில் ஒரு பிரதி மட்டும் அச்சிட்டு, பொதியில் ஒட்டிப் பாருங்கள்.

கலந்துரையாட: எழுத்தறியாத அம்மம்மா ஒருவர் நமது பொதியைப் பார்த்தால், உள்ளே இருப்பது என்னவென்று சொல்வாரா?