விவாகமானவர்களும் கருவழிப்பும்



கருவழிப்பு என்றதும் மானத்துக்கு அஞ்சிய கன்னிப்பெண்ணின் காரியம் என்றே பலர் நினைக்கிறார்கள். நம் தேசத்தில் உண்மை வேறு. இதை நாடுகிறவர்களில் பெரும்பாலோர் விவாகமான பெண்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு பிள்ளை பெற்றவர்கள்.

காரணத்தைக் கவனியுங்கள். அரசாங்கக் குடும்பநலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1992-93-ல் 2.5, 2019-21-ல் 1.8. இரண்டு போதும் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இரண்டுக்குப்பின் திருச்சபை ஒப்பாத ஆபரேஷன். விவாகமான பெண்களில் பாதிக்குமேல் அதைச் செய்துகொண்டவர்கள். அதற்குமுன் எண்ணாமல் தரிக்கிற கருவோ பெண்ணின் தலையில் விடிகிறது. மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்கு உப்புச் சுமக்கிறவளை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் வேலையில்லை, வேலைக்காலத்தில் வயிறு கனத்தால் கூலியில்லை. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கற்பனையை அவள் அறியாதவளல்ல. அவளுக்குத் துணையில்லை.

1971-ம் வருஷச் சட்டம், கருத்தடைச் சாதனம் பலிக்காமற்போனதை விவாகமான பெண்ணுக்குப் போதிய முகாந்தரமாக ஏற்றது. 2021-ல் அது விவாகமாகாதவளுக்கும் விரிக்கப்பட்டது. சட்டம் விட்டதெல்லாம் நியாயமாகிவிடாது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கருவழிப்பைக் கொடிய பாதகமென்றே கண்டித்தது.

வழியும் மாறிவிட்டது. 2015-ல் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருவழிப்புகள் நடந்தனவென்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டார்கள். அவற்றில் நாலில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால் நடந்தவை. பாவம் ஒருபுறமிருக்க, ஆபத்தையும் சொல்லவேண்டும். கருக்குழாயில் தங்கின கருவை அந்த மாத்திரை அகற்றாது. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே மோசம். மாத்திரை விழுங்கினவளுக்கு மிகுந்த இரத்தப்போக்கோ, கடும் வயிற்றுவலியோ, மயக்கமோ, ஜுரமோ கண்டால், வீட்டார் ஏசிக்கொண்டு நிற்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கடவார்கள்.

புருஷர்களே, 1968-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பானவர், தக்க காரணமிருந்தால் கருத்தரிக்காத நாட்களைப் பார்த்து நடக்கலாமென்று போதித்தார். அதற்கு இருவருடைய அடக்கமும் வேண்டும். குடித்துவிட்டு வருகிறவனிடம் நாட்கணக்கு என்ன செய்யும்? மாமியார்மாரே, மூன்றாவது கருவென்று மருமகளைக் குத்திக்காட்டும் சொல் அவளை எந்தக் கடைக்கு அனுப்புகிறதென்று யோசியுங்கள்.

முன்னே இதைச் செய்துவிட்டு வருஷக்கணக்காய் நன்மை வாங்காமல் ஒதுங்கியிருக்கும் தாய்மார் உண்டு. இந்தப் பாவத்துக்குப் பொறுத்தல் கொடுப்பது முற்காலத்தில் பல இடங்களில் மேற்றிராணியாருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2016 நவம்பரில் பிரான்சிஸ் பாப்பானவர் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் கொடுத்தார். ஆகையால் எந்தக் குருவிடத்திலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். இதற்குத் தூண்டின புருஷனும் அப்படியே வரலாம்.