நான்காவது பாடம் எது: உயிரியலா, கணினி அறிவியலா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். அறிவியல் பிரிவுதான் என்று முடிவு செய்துவிட்ட வீடுகளில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழாது. நான்காவதாக உயிரியலை எடுப்பதா, கணினி அறிவியலை எடுப்பதா என்பதில்தான் வீடு இரண்டுபடும். “பயோ-மேத்ஸ் எடுத்தால் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம்” என்பார் மாமா. “ஐ.டி. வேலைக்குப் போகிற பிள்ளைக்குத் தவளையும் கரப்பான்பூச்சியும் எதற்கு?” என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். இருவர் சொல்வதும் பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் படிவத்தை நிரப்பும் பிள்ளைதான் இரண்டு வருடம் சிரமப்படுகிறது.

பொறியியலில் தொடங்குவோம், ஏனென்றால் தவறான நம்பிக்கைகள் அங்கேதான் அதிகம். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் நின்றது. அதன் பிறகு கலந்தாய்வு முழுக்கப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. கட்-ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கி, யார் முன்னால் என்று பார்க்க வேண்டி வந்தால் மட்டும்தான் அது பேச்சுக்கு வரும், அதுவும் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பிறகு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. தேர்விலும் இந்த மூன்று பாடங்கள்தான்.

ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேர வேண்டுமானால் பள்ளியில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பது தவறு. உயிரியல் படித்த பிள்ளைக்கும் அந்த இடம் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல், சிவில் என்று பாராமல் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் முதல் ஆண்டிலேயே நிரலாக்கம் பாடமாக வைத்திருக்கிறார்கள். அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் இலகுவாக இருக்கும், அவ்வளவுதான். மறுபக்கமும் இதே கதை. பயோ-டெக்னாலஜி, பயோ-மெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க உயிரியல் கட்டாயம் என்று நினைத்துச் சேர்பவர்கள் பலர். அந்தப் படிப்புகளுக்கும் பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் கட்-ஆஃப்தான்.

உயிரியல் கட்டாயமாகும் இடங்கள் வேறு. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் எழுத வேண்டும். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் சரிபாதி, அதாவது 360, உயிரியலுக்குரியது. இயற்பியலும் வேதியியலும் மீதியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கணிதம் கிடையாது. வீடுகளில் மருத்துவம் என்றதும் பேச்சு நீட்டோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டியும் படிப்புகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பல துணை மருத்துவப் படிப்புகளுக்கும் உயிரியல் வேண்டும். இவற்றில் சேர்ந்து நல்ல நிலைக்கு வந்த பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. “டாக்டர் சீட் எங்கே கிடைக்கப்போகிறது” என்று உயிரியலையே தள்ளிவிடும் பெற்றோர் இவற்றையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். பி.ஃபார்ம். மட்டும் விதிவிலக்கு. இயற்பியல், வேதியியலுடன் கணிதமோ உயிரியலோ இருந்தாலே அதற்குப் போதும். சேர்க்கை விதிகள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. எனவே அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக, இரண்டு பாடங்களும் சமநிலையில் இல்லை. கணினி அறிவியலைப் பள்ளியில் விட்டுவிட்டால் பிறகு எங்கும் பிடித்துக்கொள்ளலாம். கல்லூரியில், சொந்த முயற்சியில், வேலைக்குப் போன பிறகுகூட. உயிரியலை விட்டுவிட்டால் திரும்பி வருவது கடினம். முன்பெல்லாம் அறவே முடியாது என்றிருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு தளர்வு கொடுத்தது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றவர்களும் நீட் எழுதலாம் என்றார்கள். மனம் மாறிய பிள்ளைகளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாமல், இரண்டு வருடப் பாடத்தைத் தனியாகப் படித்து, அதன்மேல் நீட்டுக்கும் தயாராவது எத்தனை பேரால் முடியும்? இந்தத் தளர்வை நம்பி இப்போது கணினி அறிவியலை எடுக்காதீர்கள்.

இதுவரை படித்ததும் “அப்படியானால் உயிரியலே எடுத்து வைத்துவிடலாமே” என்று தோன்றும். மாமா சொல்வதும் அதுதான். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைத்தான் அவர் சொல்வதில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல் என்பது நடைமுறையில் இரண்டு பாடம். தாவரவியலுக்கு ஒரு புத்தகம், விலங்கியலுக்கு ஒரு புத்தகம், பெரும்பாலான பள்ளிகளில் தனித்தனி ஆசிரியர்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் தலா 35 என்று பிரிகிறது. பதினொன்றாம் வகுப்பிலேயே பூவின் அமைப்பு, தாவரக் குடும்பங்களின் பண்புகள், செல் பகுப்பு, ஒளிச்சேர்க்கை ஒரு பக்கம். மண்புழு, கரப்பான்பூச்சி, தவளையின் உறுப்பு மண்டலங்களும் மனிதனின் செரிமானம், சுவாசம், கழிவுநீக்கமும் இன்னொரு பக்கம். பன்னிரண்டில் மரபியல், மூலக்கூறு மரபியல், உயிரித் தொழில்நுட்பம், சூழலியல். படம் வரைய வேண்டும், பாகம் குறிக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும். பிடித்துப் படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் விருந்து. டி.என்.ஏ. எப்படித் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது என்று முதன்முறை புரியும்போது கண் விரியும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எத்தனை பக்கம் இருந்தாலும் பாரம் தெரியாது.

பிடிக்காமல், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்த பிள்ளைக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? கணிதத்திலிருந்துதான். கணிதம் தினமும் போட்டுப் பார்க்க வேண்டிய பாடம். பொறியியல் கட்-ஆஃபில் பாதி அதுதான். உயிரியல் ஒப்புவிப்புக்காகக் கணிதப் பயிற்சியை நாளைக்கு, மறுநாளைக்கு என்று தள்ளி, கடைசியில் கணிதத்தில் 80-க்கு இறங்கினால், 200-இல் 20 அந்த ஒரு பாடத்திலேயே போயிற்று. மருத்துவத்துக்கும் போகவில்லை, விரும்பிய பொறியியல் கல்லூரியும் கைவிட்டுப் போயிற்று. இரண்டு கதவையும் திறந்து வைக்கப் போய் இரண்டிலும் நுழைய முடியாமல் நின்றவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் கலந்தாய்வு நேரத்தில் பார்க்கலாம். ஆகவே பயோ-மேத்ஸ் எடுக்கும் குடும்பத்துக்கு நான் அழுத்திச் சொல்வது இது: எந்தத் தேர்வு முதன்மை என்பதைப் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் தீர்மானித்துவிடுங்கள். நீட்டும் கணிதமும் பன்னிரண்டாம் வகுப்பின் பிப்ரவரி மாதத்தில் ஒரே மேசையில் சமமாக அமர முடியாது.

பொறியியல் வேண்டவே வேண்டாம், உயிர் சார்ந்த படிப்புதான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு ‘பியூர் சயின்ஸ்’ பிரிவும் இருக்கிறது. இயற்பியல், வேதியியலோடு தாவரவியலும் விலங்கியலும். கணிதச் சுமை இருக்காது, பொறியியல் வழியும் இருக்காது. கணிதத்தில் பத்தாம் வகுப்பிலேயே திணறி, நர்சிங் போன்ற படிப்பை மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது நல்ல தேர்வு. இதைக் கௌரவக் குறைவாகப் பார்க்க வேண்டியதில்லை.

இனி கணினி அறிவியல். பதினொன்றாம் வகுப்பில் இருநிலை எண்கள், கணினியின் அமைப்பு, இயக்க முறைமை என்று தொடங்கி, நெறிமுறை அமைப்பது, பிறகு சி பிளஸ் பிளஸ். பன்னிரண்டில் பைத்தான், தரவுத்தளம், எஸ்.க்யூ.எல். இந்தப் பாடத்தின் உண்மையான பயன் வேலை வாய்ப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிளஸ் டூ கணினிப் பாடத்தை மட்டும் வைத்து யாரும் மென்பொருள் வேலைக்கு எடுப்பதில்லை. ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒரு படியில் பிழை வந்தால் எங்கே வந்தது என்று பொறுமையாகத் தேடும் பழக்கத்தை இந்தப் பாடம் கொடுக்கிறது. அந்தப் பழக்கம் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் துணை நிற்கும். ஆனால் இது கணினியின் முன் உட்கார்ந்து படித்தால்தான் கிடைக்கும். நிரலை நோட்டில் மனப்பாடமாக எழுதிப் பழகினால் மதிப்பெண் வரலாம், பழக்கம் வராது.

“கம்ப்யூட்டர் சயின்ஸில் சுலபமாக மார்க் வாங்கலாம்” என்பது இன்னொரு காரணம். உயிரியலோடு ஒப்பிட்டால் படிக்க வேண்டியது குறைவு என்பது உண்மைதான். அந்த மதிப்பெண் எங்கே உதவும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியியலுக்கு உதவாது என்று மேலே பார்த்தோம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் பொதுத் தரவரிசைக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு முதன்மைப் பாடங்களையும் சேர்த்து 400-க்குக் கணக்கிடுகிறார்கள். அங்கே நான்காவது பாடத்தின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் பேசும். பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ, பி.சி.ஏ.வோ அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் படிக்கத் திட்டமிடும் பிள்ளைக்கு இது முக்கியமான கணக்கு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. ஆகவே உயிரியலில் ஆர்வமுள்ள அரசுப் பள்ளி மாணவி ‘நமக்கெல்லாம் மருத்துவம் எட்டாது’ என்று கணினிப் பிரிவுக்கு ஒதுங்க வேண்டாம். நீட்டில் தகுதி பெற வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒதுக்கீட்டிலும் உண்டு என்பதை மறக்கவும் வேண்டாம். நீட் விலக்கு வந்துவிடும் என்று நம்பிப் பாடம் எடுப்பதும் சரியல்ல. சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அவையிலேயே அறிவித்தார். தமிழ் வழியில் படிப்பவர்கள் நீட்டைத் தமிழிலும் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது. எனவே முதல் நாளிலிருந்தே உயிரியல் பெயர்களை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படிப்பது நல்லது.

எப்படித் தீர்மானிப்பது? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஒரு முன்னோட்டம் இருக்கிறது. அதன் பின்பாதி உயிரியல், கடைசிப் பாடம் ஸ்கிராட்ச் நிரலாக்கம் பற்றியது. எந்தப் பகுதியைப் பிள்ளை தேர்வுக்கு வேண்டாதபோதும் புரட்டியது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை எடுங்கள். இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. விலங்கியலில் கழிவுநீக்கப் பாடத்தையும், கணினி அறிவியலில் எண்முறைகள் பாடத்தையும் பிள்ளை தானாக உட்கார்ந்து படிக்கட்டும். நெஃப்ரானின் படத்தைப் பார்த்துவிட்டு ‘இது எப்படி வேலை செய்கிறது’ என்று மேலும் தேடினால், கணிதத்திலும் ஓரளவு வலுவிருந்தால், உயிரியலைத் தயங்காமல் எடுங்கள். இரண்டுமே சரிசமமாகப் பிடிக்கிறது, எதிர்காலம் இன்னும் தெளிவாகவில்லை என்றாலும் உயிரியலே என் பரிந்துரை. விட்டால் திரும்பி வரக் கடினம் என்பதே காரணம். உயிரியலைப் புரட்டும்போதே கொட்டாவி வந்து, கணிதத்தில் பிள்ளை மகிழ்ச்சியாக இருந்தால் கணினி அறிவியல்தான். அங்கே மாமாவின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சேரும் பள்ளியையும் பார்த்துவிடுங்கள். கணினி ஆய்வகத்தில் இயங்கும் கணினிகள் எத்தனை, ஒரு கணினிக்கு எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் நிலையான ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதே பள்ளியில் இப்போது பன்னிரண்டு படிக்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு தவறான பாடம் என்று தெரிந்தால், வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் பெற்றோரோடு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இடம் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால், மாறிய பாடத்தில் விட்டுப்போன பக்கங்களை எட்டிப்பிடிக்கவே அரையாண்டு வந்துவிடும்.