எண்ணாத குடோன் காலி குடோன் அல்ல

அன்பு மருமகளே,

பட்டாசு குடோன் இருப்புக் கணக்கை ஜாங்கோவில் எழுதத் தொடங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். சிவகாசியில் இந்த வேலையை எடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குடோனிலிருந்து செல்போன் அனுப்பும் ஜேசானில் 'பெட்டி' என்ற புலம் இருக்கும். அதில் 0 வந்தால், ஆள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார், சரக்கு இல்லை. மதிப்பு இல்லை என்று குறிக்கும் 'நல்' வந்தால், இன்னும் எண்ணவில்லை. வெற்று மேற்கோள் குறி வந்தால், யாரோ கட்டத்தை நிரப்பாமலே அனுப்பியிருக்கிறார். புலமே வராவிட்டால், அது பழைய செயலியாக இருக்கலாம். இந்த நான்கும் நான்கு வேறு செய்திகள்.

பைத்தானில் 'கெட்' போட்டு, இல்லாவிட்டால் 0 என்று சேர்த்தால் போதும் என்று தோன்றும். புலம் வராதபோது மட்டுமே அந்த 0 கிடைக்கும். புலம் வந்து மதிப்பு 'நல்' ஆக இருந்தால், பைத்தானில் அதற்கு ஈடான 'நன்' அப்படியே கைக்கு வரும். அதோடு 5-ஐக் கூட்டினால் டைப் எரர். உடனே வரியின் கடைசியில் 'ஆர் 0' என்று ஒட்டிவிடுவார்கள். எரர் போய்விடும், எண்ணாத குடோன் திரையில் காலியாகிவிடும்.

இங்கேதான் எனக்குப் பயம். ஒரு குடோனில் எவ்வளவு வைக்கலாம் என்பது வெடிபொருள் உரிமத்திலேயே எழுதியிருக்கும். தீபாவளி நெருக்கத்தில் மேலாளர் திரையைப் பார்த்துத்தான் லாரியை எந்தக் குடோனுக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பார். அளவுக்கு மேல் அடுக்கிய சரக்கு தீயை எவ்வளவு பெரிதாக்கும் என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்தது 2012 செப்டம்பர் 5. அப்போது நீ சின்னப் பிள்ளை.

டேட்டாபேஸிலும் கவனம் வேண்டும். மூன்று குடோன்களில் 120, 80, நல் என்று இருந்தால் 'சம்' 200 என்று சொல்லும். நல் வரிசையை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆகவே மொத்தத்தின் பக்கத்திலேயே 'ஒரு குடோன் எண்ணப்படவில்லை' என்றும் காட்டு.

ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் 'ரெக்வயர்டு' என்பது புலம் வந்தே ஆக வேண்டுமா என்று கேட்கும்; 'அலவ் நல்' என்பது வந்த புலம் நல்லாக இருக்கலாமா என்று கேட்கும். இரண்டையும் தனித்தனியாக யோசித்து எழுது. பெட்டிக்கு 'டீஃபால்ட்' 0 வைக்காதே. சோதிக்கும்போது 'இஃப் நாட்' வேண்டாம், அதற்கு 0-வும் நன்னும் ஒன்றுதான். 'இஸ் நன்' என்று கேள். கோரிக்கை முழுவதுமே வெறும் நல்லாக வந்தாலும் அது செல்லுபடியாகும் ஜேசான்தான், மறந்துவிடாதே.

1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழியில் நல் சுட்டியைச் சேர்த்த டோனி ஹோர், 2009-இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். ஜேசானில் வரும் நல்லை நான் அப்படிக் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று அது நேர்மையாகச் சொல்கிறது. அதை அவசரப்பட்டு 0 ஆக்குவது நாம்தான்.

திரையின் அழகெல்லாம் அப்புறம் இருக்கட்டும். முதலில் அந்த நான்கு நிலைகளுக்கும் நான்கு டெஸ்ட் எழுதி, ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா