அலுவலக வரிசையும் பொதுமக்கள் நேரமும்: மும்பை தரும் பாடம்

தாராவியில் தோல் பொருள் பட்டறையிலோ தையற்கூடத்திலோ நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவர் சான்றிதழ் ஒன்றுக்காக அரசு அலுவலகம் செல்ல வேண்டுமாயின், அன்றைய கூலியை இழக்க நேரிடுகிறது. ஏதேனும் ஓர் ஆவணம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டால் இழப்பு இரு மடங்காகிறது. கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ அரசு அளிக்கும் சேவைக்கு ஏழை செலுத்தும் உண்மையான விலை இதுவே. மாதச் சம்பளம் பெறுபவர் ஒரு நாள் விடுப்புடன் இதனைத் தாங்கிக்கொள்கிறார். நாட்கூலித் தொழிலாளியின் வீட்டில் அன்று அடுப்பெரிவதே கேள்விக்குரியதாகிறது. ஆகவே வரிசையின் நீளம் சமூக நீதியைச் சார்ந்த பிரச்சினையாகும். அது எவ்வாறு உண்டாகிறது, மக்களும் அலுவலர்களும் அதனை எவ்வாறு குறைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வரிசை பிறக்கும் விதம்

வரிசைகளைக் கணித முறையில் முதலில் ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டின் ஏ. கே. எர்லாங் ஆவார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகளின் போக்கைப் பற்றிய தம் முதல் ஆய்வுரையை 1909-இல் வெளியிட்டார். அவர் வகுத்த வழியில் வளர்ந்த வரிசைக் கோட்பாடு, அலுவலகச் சாளரத்திற்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சாளரத்தில் ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் வேலை நடைபெறுகிறது எனக் கொள்வோம். அச்சாளரம் 60 பேரைக் கவனிக்க வல்லது. வருவோர் 60-க்குக் குறைவாயின் வரிசையே இராது என்று தோன்றும். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. மக்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை; ஒருவருக்கு 2 நிமிடமும் மற்றொருவருக்கு 15 நிமிடமும் தேவைப்படுகின்றன. இவ்வேறுபாடுகளைக் கணக்கிற்கொண்டால், 48 பேர் வரும் நாளில் சராசரிக் காத்திருப்பு சுமார் 20 நிமிடம். 54 பேர் வந்தால் 45 நிமிடம். 57 பேர் வந்தால் 95 நிமிடம். வருவோர் தொகை 48-லிருந்து 57-ஆக, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உயர்கிறது. காத்திருப்போ ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது.

இதன் மறுபக்கம் நம்பிக்கையூட்டுவது. அந்த 57 பேரில் 9 பேர் ஆவணக் குறைவால் திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் வந்தவர்கள் எனக் கொள்வோம். அவர்களின் வேலை முதல் முறையிலேயே முடிந்திருப்பின், அன்று நிற்போர் 48 பேர் மட்டுமே. புதிய சாளரமோ கூடுதல் எழுத்தரோ இன்றியே காத்திருப்பு 95 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாகக் குறையும். எனவே வீண் வருகையைத் தவிர்ப்பதே வரிசையைக் குறைக்கும் தலையாய வழி. வீண் வருகைக்கான காரணங்கள் மும்பையில் எவை?

முதற் காரணம்: தவறான அலுவலகம்

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகள். ஒன்றுக்கொன்று அருகிலும் உள்ளன. ஆயினும் பெருநகர மும்பை மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவில் இவை மூன்று வெவ்வேறு வார்டுகளைச் சேர்ந்தவை. தாராவி ஜி வடக்கு வார்டிலும், மாதுங்காவின் கிழக்குப் பகுதி எஃப் வடக்கு வார்டிலும், செம்பூர் எம் மேற்கு வார்டிலும் அமைந்துள்ளன.

மாவட்ட எல்லை இன்னும் குழப்பம் தருவது. 1990-இல் மும்பை நகரம், மும்பை புறநகர் என இரு மாவட்டங்கள் அமைந்தன. தாராவியும் மாதுங்காவும் நகர மாவட்டத்தில் உள்ளன. செம்பூர் புறநகர் மாவட்டத்தின் குர்லா வட்டத்தில் உள்ளது. புறநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் கிழக்குப் பாந்திராவில், தாராவிக்கு அண்மையிலேயே இருக்கிறது. தாராவிவாசிக்குரிய ஆட்சியர் அலுவலகமோ தெற்கே கோட்டைப் பகுதியில், பழைய சுங்க மாளிகையில் உள்ளது. அருகிலிருக்கும் அலுவலகமே தமக்குரியது என்று எண்ணிச் செல்பவர், வரிசையின் முடிவில்தான் உண்மையை அறிவார்.

பிறப்புச் சான்றிதழ் மற்றோர் எடுத்துக்காட்டு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அது பதிவாக வேண்டும். பெற்றோர் குடியிருக்கும் இடம் பொருட்டன்று. தாராவித் தாய்மார் பலர் சயானில் உள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில் மகப்பேறு அடைகின்றனர். அம்மருத்துவமனை எஃப் வடக்கு வார்டில் உள்ளது. ஆகவே குழந்தையின் பிறப்பு அங்குப் பதிவாகும். குடியிருக்கும் ஜி வடக்கு வார்டின் பதிவேட்டில் தேடுவது பயன் தராது.

இரண்டாம் காரணம்: காலந்தாழ்த்தல்

பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்தால் கட்டணமில்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதன்பின் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து மூலமான அனுமதியும், ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் ஆணையும் தேவை. காலம் தாழ்த்துந்தோறும் செல்ல வேண்டிய படிகள் பெருகுகின்றன. மருத்துவமனைப் பிறப்பை மருத்துவமனையே அறிவித்துவிடும். குழந்தையின் பெயரைச் சேர்ப்பது மட்டும் பெற்றோரின் கடமை. 12 மாதங்களுக்குள் இதனைக் கட்டணமின்றிச் செய்யலாம். திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் பிறப்புச் சான்றே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் உரிய ஆதாரமாதலால், இச்சிறு கடமையைத் தள்ளிப்போடுதல் தகாது.

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கான கூட்டம் தேர்வு முடிவுகளையும் கல்லூரிச் சேர்க்கையையும் ஒட்டி உச்சமடைகிறது. இருப்பிடச் சான்றுக்கு மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டுகள் வாழ்ந்தமைக்கு ஆதாரம் வேண்டும். இவ்வாதாரங்களைத் திரட்டவே மாதங்கள் ஆகும். மாணவர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவது அறிவுடைமை. வருமானச் சான்று மட்டும் அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியது.

மூன்றாம் காரணம்: ஆவணங்களில் முரண்

தமிழர்க்கே உரிய இடர் பெயரைப் பற்றியது. நம்மவரிடையே குடும்பப் பெயர் வழக்கம் குறைவு. தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னொட்டாக இடுகிறோம். மகாராஷ்டிரத்துப் படிவங்களோ தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று பகுதிகளைக் கேட்கின்றன. ஒருவரின் பெயர் பள்ளிச் சான்றில் முதலெழுத்துடனும், ஆதாரில் தந்தை பெயரை விரித்தும், குடும்ப அட்டையில் பாட்டனார் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டும் அமைந்துவிடுகிறது. மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவர் மீண்டும் மீண்டும் அலைய நேரிடுகிறது. குழந்தையின் பிறப்புப் பதிவில் எவ்வடிவத்தில் பெயர் எழுதப்படுகிறதோ, அதே வடிவத்தையும் அதே எழுத்துக்கூட்டலையும் எல்லா ஆவணங்களிலும் பேணுதல் இதற்குரிய எளிய தடுப்பு முறையாகும்.

சாதிச் சான்றில் சிக்கல் ஆழமானது. பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே மகாராஷ்டிரத்தில் குடியிருந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும். திருநெல்வேலி போன்ற மாவட்டங்களிலிருந்து அதற்கு முன்னரே வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்கள் உண்டு. ஆயின் குடிசை வாழ்க்கையில் பழந்தாள்களைக் காப்பது எளிதன்று. பின்னர் வந்தவர்கள் தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பெற்ற சான்றின் அடிப்படையில் இங்குச் சான்று பெறலாம்; எனினும் மகாராஷ்டிர மாநில இடஒதுக்கீடு அதனால் கிட்டாது என்பது உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் அளித்த தீர்ப்புகளால் நிலைபெற்றது. தமக்குரிய பிரிவு எது என அறியாமல் விண்ணப்பிப்பவர் ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். பாட்டனாரின் பள்ளிச் சான்று, பழைய வாடகைச் சீட்டு, ஆலைப் பணிச் சீட்டு எதுவாயினும் பத்திரப்படுத்தல் வேண்டும்.

தேவையற்ற வரிசைகள்

சில வரிசைகளில் நிற்கவே வேண்டியதில்லை. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2019 ஆகஸ்டில் மகாராஷ்டிரம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. 2022 ஜூனில் நாடு முழுவதும் பரவியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தமிழ்நாட்டு அட்டை வைத்திருப்பவர் தாராவிக் கடையிலேயே தம் பங்கைப் பெறலாம். எஞ்சியதை ஊரிலுள்ள குடும்பத்தார் பெறலாம். இதற்கெனப் புதிய அட்டை கோரி அலைய வேண்டுவதில்லை. சான்றிதழ்கள் பலவற்றுக்கு மகாராஷ்டிர அரசின் 'ஆப்லே சர்க்கார்' இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆதாருடன் கைப்பேசி எண்ணை இணைத்து வைத்திருப்போர்க்கு இணையவழிச் சேவைகள் பல எளிதாகும்.

சட்டம் தரும் துணை

மகாராஷ்டிரப் பொதுச் சேவை உரிமைச் சட்டம் 2015-இல் இயற்றப்பெற்றது. இதன்படி அறிவிக்கப்பெற்ற ஒவ்வொரு சேவைக்கும் கால வரையறை, கட்டணம், பொறுப்பு அலுவலர் ஆகிய விவரங்களை அலுவலகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். விண்ணப்பதாரருக்கு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காலம் கடந்தால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், பின்னர் இரண்டாம் மேல்முறையீடும், இறுதியாகச் சேவை உரிமை ஆணையத்திடம் முறையீடும் செய்யலாம். தவறிய அலுவலருக்கு ரூ.500 முதல் ரூ.5,000 வரை தண்டம் விதிக்க இடமுண்டு. ஒப்புகைச் சீட்டு இன்றி எதையும் ஒப்படைக்கலாகாது என்பதே இங்குக் கொள்ள வேண்டிய பாடம். நிலையறியச் செல்லும் வீண் வருகைகளையும், "உடனே முடித்துத் தருகிறேன்" என்று அணுகும் தரகரையும் அச்சீட்டு விலக்கிவிடும்.

அலுவலர் கடமை

மக்கள் செய்யக்கூடியவை ஒருபுறம் இருக்க, வரிசையை அமைப்பவர் அலுவலரே என்பதை மறத்தலாகாது. இந்திய இரயில்வே 1985-இல் தில்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. அதற்கு முன் வண்டிதோறும் தனித்தனிச் சாளரம். ஒன்றில் நீண்ட வரிசை நிற்க, மற்றொன்றில் எழுத்தர் வேலையின்றி இருப்பார். கணினி வந்தபின் எச்சாளரத்திலும் எவ்வண்டிக்கும் சீட்டுப் பெறலாயிற்று. பல சாளரங்களுக்கும் ஒரே பொது வரிசை என்னும் இக்கொள்கையை எந்த அலுவலகமும் பின்பற்றலாம். செலவு ஒரு கயிறும் ஓர் அறிவிப்புப் பலகையுமே. 2010-இல் சோதனையாகத் தொடங்கிய கடவுச்சீட்டு சேவைத் திட்டம், முன்கூட்டியே நேரம் ஒதுக்குதலையும் ஆவணங்களைப் படிப்படியாகச் சரிபார்த்தலையும் நாடெங்கும் கொண்டு வந்தது.

இவ்வனுபவங்களினின்று மூன்று செயல்கள் புலப்படும். வாயிலிலேயே ஆவணங்களைச் சரிபார்த்து, குறை இருப்பின் முழுப் பட்டியலையும் ஒரே முறையில் எழுதிக் கொடுத்தல் முதலாவது. அலுவலக எல்லை, தேவையான தாள்கள் ஆகியவற்றை மராத்தியுடன், அப்பகுதி மக்கள் பேசும் தமிழிலும் பிற மொழிகளிலும் எழுதி வைத்தல் இரண்டாவது. கூட்டம் மிகும் மாதங்களில் தாராவி போன்ற குடியிருப்புகளுக்கே சென்று முகாம் நடத்துதல் மூன்றாவது. இணையவழி ஏற்பாடு பெருகும்போது, எழுதப் படிக்க அறியாதோரும் முதியோரும் பின்தள்ளப்படாதவாறு உதவிச் சாளரம் ஒன்றேனும் திறந்திருத்தல் வேண்டும். இன்றேல் கண்ணுக்குத் தெரியும் வரிசை மறைந்து, இணைய மையத்துத் தரகரின் வாயிலில் மற்றொரு வரிசை தோன்றும்.

திட்டங்களின் பயனை ஒதுக்கிய தொகையையும் வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கையையும் கொண்டு மதிப்பிடுகிறோம். ஒரு சான்றிதழுக்காகக் குடிமகன் எத்தனை முறை வந்தான், எத்தனை நாள் கூலியை இழந்தான் என்பதையும் அலுவலகப் பதிவேட்டில் குறித்து வருவோமாயின், எங்கே திருத்தம் தேவை என்பது தானே விளங்கும்.